ஒன்றரையால் பெருக்கியவள்

சிவநேசத்திடம் யாரும் பசி என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முதலில் நம்பமாட்டாள். பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவாள். அவளுடைய அலுவலகத்தில் இதைத் திறமை என்று சொன்னார்கள்.

அந்த அலுவலகம் மொன்றியலில், சென்ட் லோரன்டில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் ஒரு கிடங்குக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே லொறிகள் பின்னுக்கு எடுக்கும் சத்தம் யன்னலைப் பூட்டினாலும் கேட்கும். மேலே பதினாறு பேர். எந்த நாட்டில் எவ்வளவு தானியம் விளைந்தது, எவ்வளவு களஞ்சியத்தில் கிடக்கிறது, எவ்வளவை எல்லை தாண்டி விற்றார்கள், மிச்சம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அந்தப் பதினாறு பேரும் மாதாமாதம் அறிக்கை எழுதினார்கள். அறிக்கையை வாங்குகிறவர்களில் தானிய வியாபாரிகள் இருந்தார்கள்; பஞ்சத்துக்கு லொறி அனுப்பும் உதவி நிறுவனங்களும் இருந்தன. இரு பகுதியினருக்கும் ஒரே இலக்கங்கள்தான் போயின. அட்டையின் நிறம் மட்டும் வேறு.

சிவநேசத்துக்கு வாய்த்த நாடு சாம்பியா. அவள் அங்கே போனதில்லை. ஆனால் அந்த நாட்டின் வயிறு அவளுக்கு மனப்பாடம். அவர்கள் வெள்ளைச் சோளம் தின்கிறவர்கள். மாவாக்கி, கொதிநீரில் இறுகக் கிண்டி, கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள். மஞ்சள் சோளம் கொடுத்தால் அது மாட்டுக்கு என்பார்கள். பங்குனி, சித்திரையில் அறுவடை. மார்கழியும் தையும் மாசியும் கையில் சோளம் இல்லாத மாதங்கள். இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு மழை பொய்த்து, விளைச்சல் முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. அவளுடைய கொம்பியூட்டர் திரையில் அது மலையிலிருந்து தள்ளிவிட்டதுபோல விழுந்த ஒரு நீலக் கோடு.

கோடு விழுந்தால் போதாது. எந்த மாவட்டத்தில் எத்தனை நாள் சோளம் இருக்கிறது என்று வேண்டும். அதற்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஆள் மாதத்தின் முதல் வாரம் முப்பது வீடுகளுக்குப் போய், குதிருக்குள் எட்டிப் பார்த்து, தகர டப்பாவால் அளந்து, வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணி, படிவத்தில் நிரப்பி ஃபோனால் அனுப்ப வேண்டும். முப்பது வீட்டின் சராசரி இருபத்தைந்து நாளுக்குக் கீழே என்றால் அந்த மாவட்டம் சிவப்பு. சிவப்பு என்றால் லொறி போகும். அதற்கு மேலே என்றால் மஞ்சள். மஞ்சளுக்கு ஒன்றும் போகாது.

வந்த இலக்கங்களைச் சரிபார்ப்பது சிவநேசத்தின் வேலை. நம்பமுடியாததைத் திருத்த அவளுக்கு உரிமை இருந்தது. அவள் எல்லாவற்றையும் திருத்தினாள்.

அந்தப் பழக்கம் மொன்றியலில் வந்ததல்ல. கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் பதினைந்து வருஷம் கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கராக இருந்தவள் அவள். நிவாரண அட்டை எழுதியது அவளுடைய கை. கடையில் நூறு குடும்பம் என்றால் நூற்றைம்பது என்று எழுதுவார்கள். மேலே, பெரிய கந்தோர் என்ற தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் ஒன்றை வெட்டுவார்கள். நூறு குடும்பத்துக்குச் சாமான் வரும். இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடிய ஆட்டம். யாரும் யாரையும் பொய்யன் என்று சொன்னதில்லை. இலக்கம் எடுபடாது போலிருந்தால் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள்: மக்கள் இலை குழை தின்கிறார்கள். யாரும் இலை குழை தின்னத் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே சிவநேசம் அந்த வரியை எழுதியிருந்தாள். மெய்யாகவே தின்னத் தொடங்கியபோது எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஒரேயொரு முறை அவள் உள்ளதை எழுதினாள். சண்டையில் கடை கடற்கரைப் பக்கம் ஒரு தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே இடம்பெயர்ந்திருந்த நேரம். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இதற்கு மேலே என்ன கூட்டுவது என்று விட்டுவிட்டாள். பெரிய கந்தோர் வழக்கம்போல வெட்டியது. இருநூற்று எழுபத்தைந்து குடும்பத்துக்கு அரிசி கொடுத்து முடித்து, மிச்சம் நூற்று முப்பத்தேழு குடும்பத்தின் முகத்துக்கு நேரே அவள்தான் தரப்பாளை இழுத்து மூடினாள். வெளியே யாரோ அவளுடைய பெயரைச் சொல்லி மண்ணை அள்ளி எறிந்தார்கள். அன்றைக்கு அவள் ஒரு கணக்குப் படித்தாள். உள்ளதை எழுதுகிறவன் நிலைக்கமாட்டான். ஆகவே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறவன் உள்ளதை எழுதுகிறவனாக இருக்கமாட்டான்.

முன்னமே அகதியாக வந்திருந்த புருஷன் அவளை ஸ்பொன்சரில் கூப்பிட்டான். கூப்பிட்ட மூன்றாம் வருஷம் வேறொருத்தியோடு ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான். சிவநேசம் கரட் பக்கற் போடும் தொழிற்சாலையில் நின்றாள், அங்கே முழங்காலைத் தொலைத்தாள், இரவுப் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படித்தாள், ஐம்பது வயதில் இந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. ஏழு வருஷத்தில் பதினான்கு முறை புதுப்பித்தாயிற்று.

சாம்பியாவின் தெற்கே சியாம்வே என்று ஒரு காய்ந்த மாவட்டம். அங்கே அளக்கிறவள் பெபி. சந்தையில் நெத்தலிபோல ஒரு பொடிக் கருவாடு விற்கிறவள், நாற்பது வயது, தேவாலயத்தில் பெண்கள் சங்கத்தின் காரியதரிசி. மூன்று வருஷமாக மாதத்தில் ஒருநாள், மொன்றியலில் காலை எட்டு மணிக்கு, வட்ஸ்அப்பில் இருவரும் கதைப்பார்கள். இருவருடையதும் இரண்டு தினுசு ஆங்கிலம்; மேடம் என்பது பெபியின் வாயில் மடம். ஆனாலும் பெபி பேசுவது சிவநேசத்தின் காதில் தருமபுரத்துத் தமிழாகவே விழும்.

"மடம், உங்கட ஊரில இன்னும் ஐஸா?"

"இப்பதான் புரட்டாதி. இனித்தான் தொடங்கும்."

"ஐஸுக்குள்ள என்ன முளைக்கும்? ஆக்கள் என்னத்தைத் தின்னுவினம்?"

"கடையில வாங்கித் தின்னுவினம்."

"கடைக்கு ஆர் விதைக்கிறது?" என்று பெபி சிரிப்பாள். பின்னால் அவளுடைய ஏழு வயது மகள் ரூத், "பொன்ஜூர்!" என்று கத்துவாள். வணக்கத்துக்குச் சிவநேசம் சொல்லிக்கொடுத்த ஒரே பிரெஞ்சுச் சொல் அது.

அளக்கிற முப்பது வீட்டில் பன்னிரண்டாவது பெபியின் சொந்த வீடு. தெருவில் வரிசையாக எண்ணிக்கொண்டு போனபோது அப்படி விழுந்தது. புருஷன், புருஷனின் தங்கை, மூன்று பிள்ளைகள், அவள், ஆறு வாய்.

அந்த ஐப்பசி மாதம் பெபி சிரிக்கவில்லை.

"மடம், இந்த முறை பதினெட்டு நாள்."

"போன மாதம் முப்பத்தாறு எண்டனீங்கள். எப்பிடி ஒரேயடியாப் பாதியா இறங்கும்?"

"சாப்பிட்டால் இறங்கும், மடம்."

"சந்தையில சோளம் இல்லையோ?"

"இருக்கு. டப்பாவின்ர அடியை உள்ளுக்குக் குத்தி வைச்சு அளக்கிறாங்கள். பாத்தால் நிறைய, கொட்டினால் குறைய."

சிவநேசத்துக்கு அது தெரியும். அவளுடைய கடையிலும் அப்படி அரிசி அளக்கும் ஒரு கொத்து இருந்தது. அன்றைய பேச்சில் இதுவரைக்கும் அவள் பெபியை நம்பிக்கொண்டுதான் வந்தாள்.

"அப்ப ஆக்கள் என்ன செய்யினம்?"

"புளியம்பழம் பொறுக்கிக் காய்ச்சினம். சாம்பலைப் போட்டுக் காய்ச்சிக் குடிக்கினம்."

சிவநேசம் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெபி, எனக்குப் புளியைப் பற்றிச் சொல்லாதேங்கோ. நான் பிறந்த நாளில இருந்து புளி தின்னிறன். அதை ஒருத்தராலயும் வயித்துக்குக் குடிக்கேலாது, குடல் அறுந்துபோம். புளியும் சாம்பலும் எங்கட ஊரில குத்துவிளக்கு மினுக்கத்தான்."

"எங்கட ஊரில குடிக்கத்தான், மடம். எல்லா வருஷமும் இல்லை. இப்பிடி வருஷத்தில."

"சரி சரி. வைக்கிறன்."

அந்தச் சாம்பலோடு கதை முடிந்தது. தின்னாததைத் தின்றதாகச் சொல்வது கூட்டி எழுதுகிறவர்களின் கடைசிப் படி என்று சிவநேசத்துக்குத் தெரியும். தானே ஏறிய படி. பசியைக் கூட்டி எழுதுகிறவன் இருப்பில் மூன்றில் இரண்டைத்தான் காட்டுவான். ஒன்றரையால் பெருக்கினால் மெய் வரும். பதினெட்டு இருபத்தேழு ஆயிற்று. சியாம்வே மஞ்சள். அவள் சரி என்ற அடையாளத்தை அழுத்திவிட்டு, கொண்டுவந்த இடியப்பத்தைச் சூடாக்கப் போனாள்.

மூன்று வருஷமும் அவள் அப்படித்தான் பெருக்கினாள். நல்ல விளைச்சல் ஆண்டுகளில் இருநூறு நாளை முந்நூறு நாளாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. கவனித்தவன் வசீகரன்.

வசீகரன் அவளுடைய பகுதிக்குப் பொறுப்பானவன். முப்பத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவன், பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியவன். தமிழைத் தாயிடம் மட்டும் படித்ததால் பெண்பிள்ளைகளைப்போல இழுத்துக் கதைப்பான். ஒருநாள் கதிரையை உருட்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அன்ரி, ஒரு விஷயம் கேக்கலாமோ? நீங்கள் திருத்தின இலக்கம் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தனான். எந்த நேரமும் ஒன்றரை. என்ன மந்திரம் இது?"

கழுத்தைப் பிடிக்கப்போகிறான் என்று சிவநேசம் பயந்தாள். பயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, அனுபவசாலியாகப் பேசினாள்.

"தம்பி, கீழ இருக்கிறவன் எந்த நேரமும் குறைச்சுத்தான் காட்டுவான். நான் பதினைஞ்சு வருஷம் கீழ இருந்தனான். எனக்குத் தெரியாதோ?"

"எல்லாருமோ?"

"எல்லாரும்."

"மொன் தியூ!" என்று பிரெஞ்சில் வியந்தான் வசீகரன். "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

இரண்டு கிழமையில் அது விதியாயிற்று. களத் திருத்தம் என்று பெயர் வைத்தார்கள். வருகிற இலக்கம் எதுவானாலும் கொம்பியூட்டரே ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளும். மனிதக் கை பட வேண்டியதில்லை. விதி ஓடிய ஆறு நாடுகளிலும் சேர்த்துச் சிவப்பு மாவட்டங்கள் பதினெட்டிலிருந்து ஏழாகக் குறைந்தன. உதவி நிறுவனங்களுக்கு அது பிடித்தது. அவர்களிடம் ஏழுக்குத்தான் சோளம் இருந்தது. விதியைக் கொடுத்ததற்காகச் சிவநேசத்தின் வேலையை நிரந்தரமாக்கினார்கள். ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கின் மேலே நீலக் கிரீமில் 1.5 என்று எழுதியிருந்தது. அவள் ஒன்றைத் தின்றாள். புள்ளியையும் ஐந்தையும் வசீகரன் தின்றான்.

இனி அவளுடைய வேலை படிவத்தில் வெறுமையாக விட்ட பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும். ஒரு பெட்டி வெறுமையாக இருந்தாலும் படிவம் அறிக்கைக்குப் போகாது. இலக்கங்களை மாற்ற அவளால் இனி முடியாது. முதுகுக்கு நல்ல கதிரை கொடுத்தார்கள்.

மார்கழியில் உதவிச் சோளம் இன்னும் குறைந்தது. ஏழு மாவட்டத்துக்கே காணாது என்றபோது சிவப்பின் எல்லையை இருபத்தைந்து நாளிலிருந்து பதினைந்து நாளாக இறக்கினார்கள். பசி குறையவில்லை, கோடு குறைந்தது. பெபி அந்த மாதம் பதினான்கு என்று அனுப்பினாள். கொம்பியூட்டர் இருபத்தொன்று என்றது. மஞ்சள்.

தை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை பெபி ஒரு வீடியோ அனுப்பினாள். அடியில் ஒரு வரி: மடம், நீங்கள் சிரித்தீர்களே, அதற்காக.

மூன்று கல்லில் ஒரு சட்டி. அதற்குள் புளியம்பழம் கரைந்த மண்ணிறத் தண்ணீர். ஒரு பெண்ணின் கை அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுகிறது. சட்டி பொங்கி நுரைக்கிறது. நுரை அடங்கியபின் ரூத் ஒரு கோப்பையை வாங்கி, கண்ணை மூடிக் குடித்துவிட்டு, கமராவைப் பார்க்கிறாள். பொன்ஜூர் சொல்லவில்லை.

சிவநேசம் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மேற்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் போட்டாள். பிடியளவு புளியைக் கரைத்துக் கொதிக்கவிட்டாள். சாம்பலுக்கு எங்கே போவது? மின்சார அடுப்பில் சாம்பல் ஏது? சாமிப் படத்துக்கு முன்னால், கந்தசஷ்டிக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலில் கொடுத்த விபூதிப் பை இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு மேசைக்கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள்.

சீறிக்கொண்டு நுரைத்தது. வீடியோவில் கண்ட அதே நுரை. அடங்கியபின் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். புளிப்பு இல்லை. மண் கரைத்ததுபோல ஒரு மொத்தையான, ருசி செத்த சாறு. வயிற்றுக்குள் போய் இருந்துகொண்டது. குடிக்கலாம். பசித்தால் குடம் குடமாகக் குடிக்கலாம்.

பெபி ஒருநாளும் கூட்டி எழுதியதில்லை என்பது அந்த ஒரு வாயில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பெபி அந்த மாதம் சொன்ன இலக்கம் பதினொன்று. பெருக்கினால் பதினாறரை. எல்லை பதினைந்து. ஒன்றரை நாளால் மஞ்சள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிக்கை பூட்டப்படும்.

புதன்கிழமை வேலை முடிய நல்ல பனி. வசீகரன் அவளைக் கோட்-வெர்த்து மெற்றோவில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றினான். சிவநேசம் இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டே தொடங்கினாள்.

"தம்பி, அந்த ஒன்றரையை எடுத்துவிடுவமோ?"

"எந்த ஒன்றரை?"

"என்ர ஒன்றரை."

"அது இப்ப உங்கட இல்லை, அன்ரி. அது இப்ப ஆறு நாட்டில ஓடுது. நீங்கள் இன்ரநாஷனல்!"

"பகிடியை விடு. அது பிழை. அவை உள்ளதைத்தான் எழுதியிருக்கினம்."

"ஆர் சொன்னது?"

விபூதி நுரைத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியும்."

"முந்தியும் உங்களுக்குத் தெரியும் எண்டுதான் சொன்னனீங்கள்." அவன் கண்ணாடியைத் துடைக்கும் தடியின் வேகத்தைக் கூட்டிவிட்டான். "சரி. ஒரு ஈமெயில் எழுதுங்கோ. இவ்வளவு காலமும் ஒரு ஆதாரமும் இல்லாமல் இலக்கத்தை மாத்தினனான் எண்டு உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ. நான் மேல அனுப்புறன். பேந்து வேலை என்னாச்சு, கதிரை என்னாச்சு எண்டு என்னட்ட அழக்கூடாது."

"நீ சொன்னால் கேப்பினம்தானே?"

"நான் ஏன் சொல்ல? எனக்குப் பிழையெண்டு தெரியேல்லையே." மெற்றோ வாசலில் காரை நிறுத்தினான். "கவனம் அன்ரி, சறுக்கும்."

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் அவள் ஈமெயில் எழுதினாள். மூன்று வரி. முதல் வரியில் வணக்கம். இரண்டாம் வரியில் தன் பெயர். மூன்றாம் வரியின் நடுவில் ஐம்பத்தேழு வயது, ஒற்றை முழங்கால், வாடகை வீடு எல்லாம் வந்து குந்திக்கொண்டன. அவள் அதை அனுப்பவில்லை, அழிக்கவுமில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

ஈமெயிலைவிடச் சுலபமான வழி ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷம் பழகிய வழி. வியாழக்கிழமை காலையில், வேலைக்குப் போகுமுன், பெபியைக் கூப்பிட்டாள்.

"பெபி, படிவத்தைத் திருப்பி அனுப்புறன். பதினொன்று வந்ததை ஒன்பது வாற மாதிரிச் செய்யுங்கோ."

"ஏன், மடம்?"

"காரணம் கேக்காதேங்கோ. ஒன்பது எண்டால் லொறி வரும்."

"பதினொன்று எண்டால்?"

"வராது."

அந்தப் பக்கத்தில் பெபி வாய்க்குள் கணக்குப் போடுவது கேட்டது.

"மடம், நான் பள்ளிக்கூடத்தில கணக்கில முதலாம் ஆள். எல்லை பதினைஞ்சு எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். பதினொன்று அதுக்குக் கீழதானே. அப்ப நடுவில ஆரோ பெருக்கினம்."

"ஓம்."

"ஆர்?"

"முந்தி நான். இப்ப மெஷின்."

"எத்தனை வருஷம்?"

"மூன்று."

"ஏன், மடம்?"

"நீங்கள் பொய் சொல்லுவீங்கள் எண்டு."

"சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப இப்ப சொல்லச் சொல்லுறீங்கள்."

சிவநேசத்துக்குக் கோபம் வந்தது. தன்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பியது. "பெபி, விசர்க் கதை கதையாதேங்கோ! ரெண்டு இலக்கம். ரெண்டே ரெண்டு நாள். பிள்ளையளுக்காக எழுதுங்கோ. கடவுள் மன்னிப்பார்."

"கடவுள் மன்னிப்பார். முப்பது வீட்டுக்காரர் மன்னிக்கமாட்டினம். நான் அளக்கேக்குள்ள அவை பக்கத்தில நிண்டு பாக்கிறவை. கொப்பியில கையெழுத்து வைக்கிறவை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுறனான். என்ர வீட்டுக்குச் சோளம் வரவேணும் எண்டு கள்ளக் கணக்கு எழுதினவள் எண்டு பேர் எடுத்தால், பேந்து ஒருத்தனும் குதிரின்ர மூடியைத் திறந்து காட்டமாட்டான். பதினொன்று, மடம். நான் அளந்தது."

"பெபி..."

"நீங்கள் அங்க மாத்துங்கோ. நீங்கள்தானே பெருக்கினது."

சிவநேசம் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிக்கை பூட்டப்பட்டது. சியாம்வே, பதினாறரை நாள், மஞ்சள். மேலே, அந்த நாட்டின் முழு இருப்பைக் காட்டும் கோடு, இறக்குமதிச் சோளம் துறைமுகத்தில் இறங்கியதால், ஒரு மயிரிழை நிமிர்ந்திருந்தது. வியாபாரிகளுக்குப் போன பச்சை அட்டையில் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டார்கள்.

மாசி மாதப் படிவம் ஒருநாள் பிந்தி வந்தது. முப்பது வீடு, முப்பது வரி. இருப்பு என்ற பெட்டியில் எல்லா வரியிலும் பூச்சியம். கொம்பியூட்டர் தன் விதிப்படி ஒன்றரையால் பெருக்கியது. பூச்சியம் அசையவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பெபி எழுதிய இலக்கம் பெபி எழுதியபடியே நின்றது. சியாம்வே சிவந்தது.

வசீகரன் கோப்பிக் கோப்பையோடு வந்து அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"பாத்தீங்களோ அன்ரி? வேணுமெண்ட நேரம் எங்கட சிஸ்டம் சரியாப் பிடிச்சிட்டுது. நீங்கள் சும்மா பயந்தனீங்கள்." பிறகு விரலால் திரையைத் தட்டினான். "ஒரு பெட்டி வெறுமையாக் கிடக்கு. மத்தியானத்துக்கு முதல் நிரப்பிவிடுங்கோ. இல்லாட்டில் இது அடுத்த மாதத்துக்குத்தான் போகும்."

வெறுமையாகக் கிடந்தது வாய் எத்தனை என்ற பெட்டி. மற்ற வரிகளில் அது நிரம்பியிருந்தது. போன மாதம் எட்டு இருந்த வீட்டில் இப்போது ஐந்து, ஏழு இருந்த வீட்டில் ஆறு. பட்டணத்துக்குப் போனவர்களா, ஒரேயடியாகப் போனவர்களா என்று படிவம் கேட்பதில்லை. சிவநேசம் விரலை வைத்து வரியை எண்ணிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது வீடு.

நேரம் பதினொன்றேகால். அவள் ஃபோனை எடுத்தாள். நாலாவது முறைதான் பெபி எடுத்தாள்.

"பெபி, இந்த முறை சிவப்பு. லொறி வெளிக்கிடும். பத்துப் பன்னிரண்டு நாளில அங்க நிக்கும்."

"சந்தோஷம், மடம்."

"ஒரு பெட்டி மட்டும் விட்டுப்போட்டீங்கள். பன்னிரண்டாம் வீட்டில எத்தனை பேர் எண்டு எழுதேல்லை."

"விடேல்லை, மடம். எழுத ஏலாமல் கிடந்தது."

பின்னால் யாரோ நிலத்தைக் கூட்டுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. சிவநேசம் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஒரு பொன்ஜூருக்காகப் பொறுத்தாள். இல்லை.

"போன மாதம் ஆறு," என்றாள்.

"ஓம். போன மாதம் ஆறு."

"வெறுமையா விட்டால் போகாது, பெபி. மத்தியானத்துக்கு முதல் ஒரு இலக்கம் வேணும். நான் ஆறு எண்டே போட்டுவிடட்டோ?"

"வேண்டாம், மடம்," என்றாள் பெபி. "நாங்கள் கூட்டி எழுதிறேல்லை. ஐந்து எண்டு போடுங்கோ."

யார் என்று சிவநேசம் கேட்கவில்லை. அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை. ஐந்து என்று அடித்து, சரி என்ற அடையாளத்தை அழுத்தினாள்.